அப்பத்தாவுக்கு எந்தத் தூக்க மாத்திரை?

போன மாசம் தேவதானப்பட்டியிலிருந்து அப்பத்தா போன் பண்ணாங்க. "ராத்திரி கண்ணே மூட மாட்டேங்குதுப்பா. அந்த மாத்திரை தீந்துபோச்சு, மெட்ராஸ்ல வாங்கி அனுப்பி விடு."

அந்த மாத்திரை அல்பிரசோலம். மெடிக்கல்ல டாக்டர் சீட்டு கேட்டாங்க. கேட்கத்தான் வேணும். அல்பிரசோலம், சோல்பிடெம் ரெண்டும் 2014 மார்ச்சிலிருந்து ஹெச்1 பட்டியல்ல இருக்கு. சீட்டு இல்லாம விற்கக் கூடாது, வித்ததைப் பதிவேட்டுல எழுதி 3 வருஷம் வைக்கணும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அல்பிரசோலம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபின் வகை. மூளையோட வேகத்தைக் குறைச்சுத் தூங்க வைக்கும். ஆனா வயசானவங்க உடம்புல மருந்து சீக்கிரம் வெளியேறாது; டயசெபாம் நாள்கணக்குல தங்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா கால் தடுமாறும். விழுந்தா இடுப்பெலும்பு போயிடும். மறதி, குழப்பமும் வரலாம்.

சோல்பிடெம் சீக்கிரம் இறங்கிடும், முதியவங்களுக்கு 5 மில்லிகிராம்தான். ஆனாலும் விழுற ஆபத்து இருக்கு. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தோட 2023 பட்டியல் இந்த ரெண்டு வகையையும் தவிர்க்கச் சொல்லுது. தூக்கம் வரும்னு சிலர் போடுற பழைய அலர்ஜி மாத்திரைகளும் அதுல உண்டு. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு வரும்.

மெலடோனின் ஆபத்து குறைவு, பலனும் கொஞ்சம்தான். டாக்ஸெபின் 3 முதல் 6 மில்லிகிராம் வரை, பாதி ராத்திரியில முழிப்பு தட்டுறவங்களுக்கு உதவலாம். அளவு கூடினா அதுவும் ஆகாது.

அப்போ அல்பிரசோலத்தை உடனே நிறுத்தச் சொல்லிடலாம்னு நினைச்சேன். அது இன்னும் பெரிய தப்பு. ரொம்ப நாள் போட்டவங்க சட்டுன்னு நிறுத்தினா பதற்றம், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

ஊருக்குப் போய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் மாத்திரை டப்பாவையே கொட்டிப் பார்த்தார். பிரஷருக்கான, நீர் பிரியுற மாத்திரையை அப்பத்தா ராத்திரி போட்டுட்டு இருந்தாங்க! அதைக் காலைக்கு மாத்தினார். சாயங்கால டீயை நிறுத்தி, பகல் தூக்கத்தைக் குறைச்சு, தினமும் ஒரே நேரத்துக்கு எந்திரிக்கச் சொன்னார். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016லேயே தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையா மாத்திரையைச் சொல்லல. இப்படிப் பழக்கத்தை மாத்துற பயிற்சியைத்தான் சொல்லுச்சு.

அல்பிரசோலம் இப்போ பாதியாயிருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போனா, உங்க வீட்டு மாத்திரை டப்பாவையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க.