மிஞ்சிய இழை: முடிவிலியை அளப்பது எப்படி?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த பல்லவர் செப்பேட்டில் ஒரு பங்கீட்டுக் கணக்கு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் தானமாகக் கொடுத்த ஊர் 25 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் 3 பங்கு, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர 1, அங்கே பாரதம் வாசிக்க 1. மீதி 20 பங்குகள் நான்மறை கற்ற 20 பேருக்கு. ஆளும் மிஞ்சவில்லை, பங்கும் மிஞ்சவில்லை.

இப்படி இரண்டு பக்கமும் மிச்சமின்றி ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதைப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ‘இருபுறச் சார்பு’ என்கிறது. பட்டுத் தறிக்காரர்களுக்கு இது கைப்பழக்கம். பழைய பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) தீர்ந்ததும் அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைப் பிணைப்பார்கள். கடைசியில் எந்தப் பக்கமும் இழை தனித்து நிற்காவிட்டால் இரண்டு பாவும் சமம். மொத்தம் எத்தனை ஆயிரம் என்று எண்ண வேண்டியதில்லை. எண்ண வேண்டாம் என்பதால்தான் இந்த முறை முடிவிலிக்கும் உதவுகிறது.

பாதியும் முழுதும் சமம்

1, 2, 3 என்று போகும் இயல் எண்களை ஒரு பாவாக வைப்போம். 2, 4, 6 என்று போகும் இரட்டை எண்கள் மறு பாவு. 1-ஐ 2-உடன், 2-ஐ 4-உடன், 3-ஐ 6-உடன் பிணைத்துக்கொண்டே போனால் எந்த எண்ணும் விடுபடாது. பாதியை எடுத்த பிறகும் அளவு குறையவில்லை!

குறை எண்களைச் சேர்த்தாலும் அளவு கூடாது. 0, 1, -1, 2, -2 என்று மாற்றி மாற்றி வரிசைப்படுத்தினால் போதும். பின்னங்களுக்கு இன்னொரு வழி: தொகுதியையும் பகுதியையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 2 வருவது 1/1; 3 வருபவை 1/2, 2/1; 4 வருபவை 1/3, 3/1 (2/2 என்பது 1 என ஏற்கெனவே வந்துவிட்டது). ஒவ்வொரு தொகைக்கும் சில பின்னங்களே உண்டு என்பதால் எல்லாமே வரிசைக்குள் வந்துவிடும்.

மிஞ்சினால் பெரிதா?

காஞ்சியின் திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் கோயில் கொண்டிருக்கும் சமணம், எண்களை எண்ணத்தக்கவை, எண்ணற்றவை, முடிவற்றவை என வகுத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமண ஆசிரியர் வீரசேனர், தமது ‘தவளா’ உரையில் உயிர்களை ஒரு பக்கமும் கடந்த காலத்தின் கணங்களை மறுபக்கமும் வைத்து, ஒன்றுக்கு ஒன்றாகக் கழிக்கச் சொல்கிறார். கணங்கள் தீர்ந்த பிறகும் உயிர்கள் மிஞ்சும். ஆகவே உயிர்களே அதிகம் என்பது அவர் வாதம். ஜெர்மானியக் கணிதர் கேன்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சிந்தனை இது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இரட்டை எண்களை இயல் எண்களில் அதே எண்ணோடு, 2-ஐ 2-உடன், 4-ஐ 4-உடன் பிணைத்தால் 1, 3, 5 எல்லாம் மிஞ்சும். முன்பு செய்தபடி பிணைத்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முடிவிலியில் ஒரு தடவை மிஞ்சியதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எப்படிப் பிணைத்தாலும் மிஞ்சும் என்று காட்ட வேண்டும்.

கேன்டரின் தந்திரம்

அதைத்தான் கியோர்க் கேன்டர் செய்தார். 1874-இல் ஒரு நிரூபணத்தையும் 1891-இல் அதைவிட எளிய இன்னொன்றையும் வெளியிட்டார். இரண்டாவதன் சாரம் இது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட, முடிவின்றி நீளக்கூடிய தசம எண்கள் அனைத்தையும் யாரோ பட்டியலிட்டுவிட்டதாக, அதாவது 1, 2, 3 என இயல் எண்களோடு பிணைத்துவிட்டதாக, வைத்துக்கொள்வோம். நாம் ஒரு புது எண் எழுதுவோம். முதல் எண்ணின் முதல் இலக்கம் 5 என்றால் நாம் 6 போடுவோம், இல்லையென்றால் 5. இரண்டாம் எண்ணின் இரண்டாம் இலக்கத்துக்கும் அப்படியே, இப்படியே தொடர்வோம். நம் எண் பட்டியலின் ஒவ்வோர் எண்ணிலிருந்தும் ஓர் இலக்கத்திலாவது வேறுபடும். ஆகவே அது பட்டியலில் இல்லை. வேறு பட்டியல் கொண்டுவந்தாலும் இதே கதிதான்; எப்படிப் பிணைத்தாலும் தசம எண்கள் மிஞ்சும்.

கூரத்தில் 20 பேருக்கு 20 பங்கு சரியா என்று பார்க்க ஒரே ஒரு தடவை பிரித்துக் கொடுத்தால் போதும். முடிவிலியில் சமம் என்று சொல்லவும் மிஞ்சாத ஒரு பிணைப்பு போதும். பெரிது என்று சொல்லத்தான் எல்லாப் பிணைப்புக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.