கிறிஸ்து பிறப்பு நாளில் சண்டைப் படமா?



நள்ளிரவுத் திருப்பலி முடிந்து, காலையில் பலகாரம் பகிர்ந்து, மதியச் சாப்பாடும் ஆன பிறகு வையம்பட்டியிலும் மணப்பாறையிலும் பல வீடுகளில் தொலைக்காட்சியைப் போடுகிறோம். 'கிறிஸ்துமஸ் சிறப்புத் திரைப்படம்' என்று வருவது பல வேளைகளில் சண்டைப் படம்தான். "பாலன் பிறந்த நாளில் வெட்டும் குத்துமா?" என்று பாட்டி முகம் சுளிப்பார். பிள்ளைகள் ரிமோட்டை விட மாட்டார்கள்.

இந்த வழக்கு நம் வீட்டில் மட்டும் இல்லை. 1988-இல் வந்த 'டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படமா என்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் வாதம் நடக்கிறது. படம் திரைக்கு வந்தது ஜூலையில். அதில் நடித்த புரூஸ் வில்லிஸே 2018-இல், இது கிறிஸ்துமஸ் படம் இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டார். ஆனால் கதையைப் பாருங்கள். பிரிந்து வாழும் மனைவியைத் தேடி, கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவில் ஒரு காவலர் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறார். மனைவி வேலை செய்யும் கட்டடத்தைக் கொள்ளையர் பிடித்துக்கொள்கிறார்கள். காலில் செருப்புகூட இல்லாமல் உடைந்த கண்ணாடியின் மேல் அவர் ஓட வேண்டியிருக்கிறது. பிறகு குளியலறையில் உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கிக்கொண்டே, மனைவியிடம் தான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை என்று வாக்கிடாக்கியில் சொல்கிறார். ஏறக்குறைய பாவசங்கீர்த்தனம்தான் அது. துப்பாக்கி ஓய்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அதைக் கிறிஸ்துமஸ் படம் ஆக்குகின்றன என்பது என் எண்ணம்.

குழந்தைகளுக்குப் பிடித்த 'ஹோம் அலோன்' (1990) படத்திலும் இப்படியே. திருடர்கள் முகத்தில் இஸ்திரிப்பெட்டி விழுகிறது, தலை தீயில் கருகுகிறது. நிஜத்தில் ஓர் அடிக்கே ஆள் பிழைக்க மாட்டான், நாம் சிரிக்கிறோம். ஆனால் மகனோடு பேச்சுவார்த்தையே இல்லாத முதியவர் ஒருவரிடம், நீங்களே மகனை அழைத்துப் பேசுங்கள் என்று எட்டு வயதுச் சிறுவன் சொல்வது ஆலயத்தில். அந்தக் குடும்பம் ஒன்றுசேர ஓர் அடிகூடத் தேவைப்படவில்லை.

நம் திருச்சியை வைத்தே 'கைதி' (2019) வந்தது. அது தீபாவளிப் படம். பத்து ஆண்டு சிறையிலிருந்து விடுதலையான தந்தை, இதுவரை பார்த்திராத மகளைக் காண ஆதரவற்றோர் இல்லத்துக்குப் புறப்படுகிறார். ஒரே இரவு, ஒரு லாரி, வழியெல்லாம் சண்டை. எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. விழுந்தவருக்குத் தாய் உண்டா, பிள்ளை உண்டா என்று படம் கேட்பதுமில்லை.

மத்தேயு நற்செய்தி அதைக் கேட்கிறது. பெத்லகேமில் ஏரோது குழந்தைகளைக் கொன்றதைச் சொன்ன கையோடு, தாய்மாரின் அழுகைக்கும் இடம் தருகிறது (2:16-18). யோசேப்பும் இரவில் புறப்பட்ட தந்தைதான். சண்டைக்கு நிற்காமல் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாளே ஸ்தேவானையும், 28-ஆம் தேதி மாசில்லாக் குழந்தைகளையும் திருச்சபை நினைவுகூர்கிறது. ஆகவே இரத்தம் இந்தப் பெருவிழாவுக்குப் புதிது இல்லை. வலியை மறைத்துக் காட்டுவதுதான் புதிது.

அதனால் படத்தை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2024 முதல் தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 என்று வயது பிரித்துத் தருகிறார்கள். பெற்றோர் அதைப் பார்ப்பது நல்லது. கூட உட்கார்ந்து பார்ப்பது அதைவிட நல்லது.

அந்த அடிகளை உண்மையிலேயே வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் 'சர்தார் 2' படப்பிடிப்பில் இருபது அடி உயரத்திலிருந்து விழுந்து ஒரு சண்டைக் கலைஞர் இறந்தார். 2025 ஜூலை 13-இல், நாகை மாவட்டத்தில் 'வேட்டுவம்' படத்துக்காகக் கார் சாகசம் செய்த இன்னொருவர் உயிரிழந்தார். படம் முடிந்து சண்டைக் கலைஞர்களின் பெயர்கள் ஓடும்போதுதான் நம் வீடுகளில் சேனல் மாறுகிறது.