குருதியில் ஏன் இத்தனை பிரிவுகள்?

குருதியின் நிறம் அனைவருக்கும் ஒன்றே. ஆயினும், பிறர் குருதி ஏற்றப்பட்டவர்களுள் சிலர் பிழைத்ததும் சிலர் இறந்ததும் மருத்துவ உலகிற்கு நெடுங்காலம் புதிராகவே இருந்தது. மனிதக் குருதி ஒரே வகையன்று என 1901ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் விளக்கிய பின்னரே அப்புதிர் அவிழத் தொடங்கியது.

நமது சிவப்பணுக்களின் மேற்பரப்பில் 'எச்' எனப்படும் சர்க்கரைத் தொடர் அடித்தளமாக அமைந்துள்ளது. அதன் முனையில் ஒருவகைச் சர்க்கரை சேர்ந்தால் 'ஏ' பிரிவு. வேறொன்று சேர்ந்தால் 'பி'. இரண்டும் காணப்பட்டால் 'ஏபி'. எதுவும் சேராவிடில் 'ஓ'. இதனைத் தீர்மானிப்பவை பெற்றோர் வழி வரும் மரபணுக்கள். பொருந்தாத குருதி உடலில் நுழைந்தால், எதிர்ப்பொருள்கள் அவ்வணுக்களைத் தாக்கி அழிக்கின்றன.

இவ்வேறுபாடு ஏன் நிலைத்தது? நோய்களே முக்கியக் காரணம் என்பது அறிவியலாளர் கருத்து. கடும் மலேரியாவில், கிருமி தொற்றிய சிவப்பணுக்கள் பிற அணுக்களுடன் ஒட்டிக்கொண்டு நுண்ணிய குருதிக் குழாய்களை அடைக்கின்றன. 'ஓ' பிரிவினரிடம் இவ்வொட்டுதல் குறைவு. ஆதலால் அவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் காலராவோ அவர்களையே கடுமையாக வாட்டுகிறது. எல்லா நோய்களையும் வெல்லும் பிரிவு எதுவுமில்லை. எனவே எப்பிரிவும் மற்றவற்றை முற்றிலும் விலக்கிவிடவில்லை.

இனத்திற்குக் காப்பாகும் இப்பன்மை, தனிமனிதருக்கு இடராவதும் உண்டு. 'எச்' அடித்தளமே இல்லாத அரிய பிரிவொன்றை, மும்பையில் மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர் 1952ஆம் ஆண்டில் அறிவித்தனர். 'பம்பாய் குருதிப் பிரிவு' எனப்படும் இது, நம் நாட்டில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளது. வழக்கமான சோதனையில் இது 'ஓ' எனத் தோன்றக்கூடும். ஆனால் 'ஓ' பிரிவுக் குருதியும் இவர்களுக்கு ஆபத்தே. இதே பிரிவினரின் குருதியே இவர்களைக் காக்கும்.

குருதி ஏற்றுமுன் பொருத்தச் சோதனை இன்றியமையாதது என்பதற்கு இதுவே சான்று. நமது பிரிவை அறிந்து வைப்போம். அரிய பிரிவினர் குருதி வங்கியில் பதிவு செய்துகொள்வது நன்று. உடல்நலம் உள்ள ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் குருதிக்கொடை அளிக்கலாம். என்றோ ஒருநாள் முகமறியா ஒருவரின் உயிரைக் காக்கும் சேமிப்பு அது.