வெயிலில் வெளுக்கும் நீலக்கல் உண்டு, தெரியுமா?

நீலக்கல் என்றால் நீலமாகத்தான் இருக்க வேண்டுமா? இல்லவே இல்லை! மஞ்சள், பச்சை, ஊதா, ரோஸ் என எல்லா நிறத்திலும் உண்டு. எல்லாமே குருந்தம் என்கிற ஒரே கனிமம்தான். சிவந்தால் மாணிக்கம், மற்ற எந்த நிறமானாலும் நீலக்கல் குடும்பம். நம் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில்கூடக் குருந்தம் கிடைக்கிறது. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது என்பது தெரியுமா? துளி இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம், துளி குரோமியம் கலந்தால் ரோஸ். கோடிக்கணக்கில் விலை போகும் அழகெல்லாம் இந்தக் கலப்படத்தின் புண்ணியம்!

இந்தக் குடும்பத்தின் இளவரசி பத்பரட்சா. ரோஸும் ஆரஞ்சும் ஒன்றோடொன்று குழைந்த, தாமரை இதழ் போன்ற மென்னிறம். இலங்கையின் இரத்தினபுரிதான் இதற்குப் பேர்போன ஊர். அங்கே இன்றும் ஆட்கள் குழிக்குள் இறங்கிச் சரளை மண்ணை அள்ளி, மூங்கில் கூடையில் அலசித்தான் கல் தேடுகிறார்கள். நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 100 காரட் பத்பரட்சா ஒன்று இருக்கிறது. ஒரு காரட் 0.2 கிராம், கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 கிராம்! 2018-இல் பிரிட்டிஷ் இளவரசி யூஜினியின் நிச்சயதார்த்த மோதிரத்தில் இந்தக் கல் மின்னியதும் உலகமே திரும்பிப் பார்த்தது.

இனிதான் வேடிக்கை. 2016 வாக்கில் மடகாஸ்கரின் பெமைண்டி பகுதியில் புதிதாக நீலக்கற்கள் கிடைத்தன. அவற்றில் சில அச்சு அசல் பத்பரட்சா. வெளிச்சத்தில் சில வாரம் இருந்ததும் ஆரஞ்சு மெல்லக் கழன்றது. மிஞ்சியது வெறும் ரோஸ் கல்! புற ஊதாக் கதிரைக் காட்டினால் போன ஆரஞ்சு திரும்பி வரும், மறுபடி போகும். அதனால்தான் இன்று பொறுப்பான ஆய்வகங்கள் முதலில் புற ஊதாக் கதிரில் வைத்து, பிறகு பலமான வெளிச்சம் காட்டி, நிலைத்து நிற்கும் நிறம் எது என்று பார்த்த பிறகே பத்பரட்சா என்று எழுதுகின்றன.

இதைவிடப் பெரிய தில்லாலங்கடி ஒன்று தாய்லாந்தின் சந்தபுரியில் நடந்தது. வெளிறிய கற்களைப் பெரிலியம் உள்ள கனிமத்தோடு சேர்த்து உலையில் காய்ச்சினார்கள். பெரிலியம் கல்லுக்குள் ஊடுருவ, ரோஸ் கற்கள் ஆரஞ்சேறி வெளியே வந்தன. சாதாரணமாகச் சூடுபடுத்திய கல் என்ற பெயரில் அவை சந்தையில் குவிந்தன. 2002 தொடக்கத்தில்தான் குட்டு உடைந்தது. சூடுபடுத்துவது குற்றமல்ல, இலங்கையில் காலங்காலமாக நடப்பதுதான். சொல்லிவிட்டு விற்க வேண்டும், அவ்வளவே. பெரிலியம் ஏற்றிய கல்லோ பத்பரட்சா கணக்கிலேயே வராது. பல நேரம் நுண்ணோக்கிக்குக்கூட அது பிடிபடாது. லேசரால் துகள் பெயர்த்து, நிறமாலைமானியில் பார்க்க வேண்டும். ஃபோன் திரையில் பார்த்து ஆர்டர் போடும் நமக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்?

அதனால் சான்றிதழ்தான் துணை. அமெரிக்காவின் ஜிஐஏ, சுவிட்சர்லாந்தின் எஸ்எஸ்இஎஃப், கியூபெலின் ஆகியவை உலகம் மதிக்கும் ஆய்வகங்கள். இலங்கையில் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபைக்கே சோதனைக்கூடம் உண்டு. விற்பவரே அச்சடித்துத் தரும் பளபள அட்டைக்குப் பெயர் சான்றிதழ் அல்ல, விளம்பரம்! அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் போய்த் தட்டுங்கள். விற்பவர் அனுப்பும் லிங்க்கையோ க்யூஆர் கோடையோ தொடாதீர்கள். அதையும் போலியாகச் செய்ய முடியும். வெப்பமூட்டல் பற்றிய வரியை முதலில் படியுங்கள். பிறந்த நாடு என்று போட்டிருப்பது ஆய்வகத்தின் கருத்துதான் என்பதும் நினைவிருக்கட்டும். விலையை அங்கே தேடாதீர்கள், ஜிஐஏ அறிக்கையில் அது இருக்காது.

அறிக்கை அசலாக இருந்து கல் வேறாக இருக்கலாம் என்பது தெரியுமா? உலையில் குருந்தம் விளைவிக்கும் வித்தையை பிரெஞ்சுக்காரர் வெர்னெய் 1902-லேயே அறிவித்துவிட்டார். வேதியியலில் இயற்கைக் கல்லும் உலைக் கல்லும் ஒன்றே! எனவே கல் கைக்கு வந்ததும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், எடையையும் மில்லிமீட்டர் அளவுகளையும் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். உள்ளூர் ஆய்வகத்திலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். நீலக்கல் வைரத்தைவிட அடர்த்தி மிக்கது. ஒரே காரட்டில் வைரத்தைவிடச் சிறிதாகத்தான் தெரியும், ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். பணம் கட்டும் முன்பே பகல் நிழலிலும் பல்பு வெளிச்சத்திலும் எடுத்த வீடியோ கேளுங்கள்.

நிறச் சோதனை முடிந்த அறிக்கை இல்லையா? அந்தக் கல்லுக்கு நல்ல ரோஸ் கல்லின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்!