மேக்சிக்குப் போட்ட துண்டு

2025 அக்டோபரில் வந்த மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கேள்விதான். டெட்ராய்ட் அணி ஜேடன் ஐவிக்கு ஏன் இன்னும் ஒப்பந்த நீட்டிப்பு தரவில்லை? இண்டியானா பென்னடிக்ட் மாத்துரினை என்ன செய்யப் போகிறது? 2022 டிராஃப்டின் முதல் சுற்றில் வந்தவர்களுக்கு நீட்டிப்புக் கெடு அக்டோபர் 20, நியூயார்க் நேரப்படி மாலை 6 மணியாக இருந்தது. நமக்கு அது தீபாவளி இரவு கழிந்து செவ்வாய் விடியற்காலை 3.30.

சம்பள வரம்பு, டிராஃப்ட் என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கப் போவதில்லை. என்பிஏ பார்க்க விடியற்காலையில் எழுகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியும். பலர் குழம்புவது "கேப் ஹோல்டு" என்ற ஒன்றில்தான். இதற்குத் தமிழில் நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது: துண்டு.

பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். ஒரு வீரரின் ஒப்பந்தம் ஜூனில் முடிந்தாலும், அவர் பெயரில் ஒரு தொகை அணிக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். அவர் கையெழுத்திடும்வரை, அல்லது அணி அவரைக் கைவிடும்வரை, அந்தத் துண்டு அங்கேயே கிடக்கும். பேருந்து நிரம்பிய பிறகும் துண்டுக்குரியவர் ஏறி உட்காரலாம். வரம்பைத் தாண்டிவிட்டதே என்று நடத்துநர் தடுக்க முடியாது. லாரி பேர்டு பெயரால் வழங்கும் "பேர்டு உரிமை" இதுதான்.

இதில் சூட்சுமம் எங்கே என்றால், துண்டின் அகலமும் ஆளின் அகலமும் ஒன்றல்ல. முதல் சுற்று இளைஞரின் துண்டு, அவருடைய நான்காம் ஆண்டுச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு. அந்தச் சம்பளம் லீகின் சராசரிக்கு மேலிருந்தால் இரண்டரை மடங்கு. நான்காம் ஆண்டுச் சம்பளமோ அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதை வைத்து என்றோ எழுதிவைத்தது. அதற்குப் பிறகு அவர் எவ்வளவு வளர்ந்தார் என்று துண்டுக்குத் தெரியாது.

உதாரணத்துக்கு, டைரீஸ் மேக்சி 2020 டிராஃப்டில் 21-வது ஆள். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 29 சதவீதம். கால் வேகம் உண்டு, கை நம்பிக்கையில்லை என்று 20 வாய்ப்புகள் அவரைத் தாண்டிப் போயின. ஃபிலடெல்ஃபியா செவன்ட்டி சிக்ஸர்ஸ் எடுத்தது. மூன்றாவது பருவத்தில் ஆட்டத்துக்கு 20.3 புள்ளி, மூன்று புள்ளி எறிதல் 43 சதவீதம். 2023 அக்டோபர் 23 கெடு வந்தபோது அவருக்கு வயது 22. இவ்வளவு வளர்ந்த கார்டுக்கு எந்த அணியும் யோசிக்காமல் நீட்டிப்பு கொடுக்கும். சிக்ஸர்ஸ் கொடுக்கவில்லை.

ஆள்மேல் சந்தேகமா? இல்லை. "நெகிழ்வு" வேண்டும் என்றார்கள். கிளப் நிர்வாகிகள் வாயில் அடிக்கடி வரும் இந்தச் சொல்லுக்கு என் அகராதியில் பொருள் இது: ஆளும் தயார், பணமும் தயார், கையெழுத்து மட்டும் அடுத்த வருஷம்.

அணிக்கு வேண்டியிருந்தது என்ன என்று பாருங்கள். ஜோயல் எம்பீட் நடுவே இருக்கிறார். மேக்சி பந்தைக் கொண்டுவருவார். தடுப்பாட்டமும் எறிதலும் ஒருங்கே உள்ள பெரிய விங் ஒருவர் இல்லை. அந்த இடம் 2024 கோடையில்தான் நிரப்பப்படும் என்று அணி நிர்வாகத் தலைவர் டேரில் மோரி முடிவுகட்டிவிட்டார். கெடு முடிந்து பத்து நாளுக்குள் ஜேம்ஸ் ஹார்டனை கிளிப்பர்ஸுக்கு அனுப்பியபோது வந்த நால்வரும் அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிகிறவர்கள். இடம் ஒழித்துக்கொண்டே போனார்கள்.

இனி கணக்கு. 2024-25 சம்பள வரம்பு 14.06 கோடி டாலர். எம்பீட் 5.14 கோடி. மேக்சியின் நான்காம் ஆண்டுச் சம்பளம் 43.4 லட்சம், மூன்றால் பெருக்கினால் துண்டு 1.30 கோடி. ஆனால் அவர் உட்காரும்போது பிடிக்கப்போகும் இடம், வரம்பில் 25 சதவீதம், அதாவது 3.51 கோடி. 2023-லேயே உச்சத் தொகைக்குக் கையெழுத்திட்டிருந்தால் 2024 ஜூலை 1-ல் கணக்கில் ஏறியிருப்பது இந்த 3.51. வித்தியாசம் 2.21 கோடி டாலர். ஒரு காகிதத்தை எந்தத் தேதியில் நீட்டுகிறோம் என்பதால் மட்டும் பிறந்த பணம் இது.

அந்த இடத்தில்தான் பால் ஜார்ஜ் வந்தார். முதல் ஆண்டுக்கு 4.92 கோடி. துண்டு போடாவிட்டால் அவரைப் பிடித்திருக்கவே முடியாது என்பது கிளப் ஆதரவாளர்களின் வாதம். நம்பாமல் கூட்டிப் பார்த்தேன். எம்பீட், முழு உருவ மேக்சி, ஜார்ஜ் மூவரும் சேர்ந்தால் 13.57 கோடி. மிச்சம் 49 லட்சம். அடடே, இடமிருக்கிறதே என்று தோன்றும். ஆனால் 12 பேருக்குக் குறைந்தால் காலி இருக்கை ஒவ்வொன்றுக்கும் சுமார் 11.6 லட்சம் கணக்கில் ஏற்றுவார்கள். ஒன்பது காலி இருக்கைக்கு 1.04 கோடி. ஆக, வாதம் உண்மைதான், மயிரிழையில். ஜார்ஜுக்குத் தேவைப்பட்டது 2.21-ல் கால்வாசி. மீதி போனது கேலெப் மார்ட்டின், ஆன்ட்ரே டிரம்மண்ட் மாதிரி துணை ஆட்களுக்கு. ஜார்ஜ் காகிதம் முடிந்த பிறகு மேக்சி ஏறி உட்கார்ந்தார்: ஐந்து ஆண்டு, 20.4 கோடி டாலர்.

புத்திசாலித்தனம்தான், மறுக்கவில்லை. என்னை உறுத்துவது, அந்த ஒன்பது மாதம் ஆபத்தைச் சுமந்தது யார் என்பது. நீட்டிப்புப் பணம் பின்னால் உனக்குத்தான் என்று கிளப் எழுதித் தர முடியாது. மறைமுக வாக்குறுதிக்கு லீகில் தடை. 2000-ல் ஜோ ஸ்மித்துடன் ரகசிய உடன்பாடு வைத்திருந்த மின்னசோட்டாவுக்கு 35 லட்சம் டாலர் அபராதம், டிராஃப்ட் வாய்ப்புகளும் பறிபோயின. எனவே மேக்சியிடம் இருந்தது நல்லெண்ணம் ஒன்றே. முழங்காலுக்கு நல்லெண்ணக் காப்பீடு யாரும் தருவதில்லை.

2024 ஏப்ரல் 30, மேடிசன் ஸ்கொயர் கார்டன். நிக்ஸுக்கு எதிரான ஐந்தாம் ஆட்டம்; தோற்றால் வெளியே. அரை நிமிடம்கூட இல்லாதபோது ஆறு புள்ளி பின்னடைவு. மேக்சி மூன்று புள்ளி எறிகிறார், எறியும்போதே இடிக்கிறார்கள், பந்து விழுகிறது, ஃப்ரீ த்ரோவும் விழுகிறது. நிக்ஸ் ஒரு புள்ளி சேர்க்கிறது. மறுபடி பந்து இவர் கையில். வளையத்திலிருந்து 30 அடிக்கும் அப்பாலிருந்து எறிந்து 97-97. கூடுதல் நேரத்தில் சிக்ஸர்ஸ் 112-106 என்று வென்றது, மேக்சி 46 புள்ளி. அந்த இரவில் அவருடைய ஆண்டுச் சம்பளம் 43.4 லட்சம் டாலர். அடுத்த ஆண்டுக்கென்று அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை. அவர் தப்பித்தார். எல்லோரும் தப்பிப்பதில்லை: 2025 ஜனவரி 1 அன்று இடது கால் எலும்பு முறிந்தபோது ஐவி ஆடி முடித்திருந்தது 30 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 17.6 புள்ளி, அவருடைய பருவங்களிலேயே சிறந்தது.

இப்போது ஐவிக்கு வருகிறேன். அவர் 2022-ல் ஐந்தாவது ஆள், மாத்துரின் ஆறாவது. இருவர் சம்பளமும் ஒரு கோடி டாலரை ஒட்டியது. மூன்றால் பெருக்குங்கள்: துண்டே மூன்று கோடிக்குப் பக்கம் வந்தது. இருவரில் யாரும் அதைவிட அகலமாக உட்காரப் போவதாக அப்போது தெரியவில்லை. ஆகவே டெட்ராய்டோ இண்டியானாவோ "நெகிழ்வுக்காகத்தான் காத்திருக்கிறோம்" என்றிருந்தால் நம்பியிருக்கக் கூடாது. அங்கே காத்திருப்பு என்றால் விலையில் உடன்பாடில்லை என்று பொருள். உண்மையான துண்டு அப்போது யூட்டாவில் கிடந்தது. சென்டர் வாக்கர் கெஸ்லர் 22-வது ஆள், சம்பளம் 48.8 லட்சம், துண்டு 1.46 கோடி.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

மேக்சி வேறு அணிக்குப் போயிருக்கலாமே? போகலாம், ஆனால் யார் எவ்வளவு நீட்டினாலும் அதே தொகையைக் கொடுத்து நிறுத்திவைக்கும் உரிமை சிக்ஸர்ஸுக்கு இருந்தது.

கெடு தவறினால் வேலை போய்விடுமா? இல்லை, அந்தப் பருவம் ஆடிவிட்டு ஜூலையில் பேசுவார்கள்.

வரம்பைத் தாண்டினால் அபராதம் கிடையாதா? உண்டு, அந்தக் கோடு தனி, 2024-25-ல் 17.08 கோடி.

ஐவிக்கு டெட்ராய்டில் இடம் இருந்ததா? கேட் கன்னிங்ஹாம் பந்தைப் பிடித்திருந்ததால் பாதி இடம்தான்.

மாத்துரின்? 2025 இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்து 27 புள்ளி எடுத்தவரை, அணியின் ஹாலிபர்ட்டன் காயத்தில் கிடந்த ஆண்டில் விட்டால் அது இண்டியானாவின் பிழை.

துண்டு போட்டு ஜார்ஜைப் பிடித்த சிக்ஸர்ஸ் என்ன ஆனது? 2024-25-ல் எம்பீட் 19 ஆட்டம், ஜார்ஜ் 41, மேக்சி 52. அணி 24 வெற்றி, 58 தோல்வி.