உதிரியாக விற்ற காரும் நமது கடை வண்டியும்

ஒரு பொருளின் மீது விழும் வரி அதன் விற்பனையை எப்படி மாற்றும் என்பதை வணிகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒரு வரி விதியின் இடைவெளியில் ஒரு கார் பிழைத்து வளர்ந்த கதை நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கும். அந்தக் கதையில் வணிகத்துக்கு ஒரு பாடமும், நமது சரக்கு வண்டிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருப்பதால் அதை இங்கே விரிவாகப் பார்ப்போம்.

மதுக்கடைக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை

இங்கிலாந்தின் காலின் சாப்மன் ஒரு பொறியாளர். 1948இல் பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்து, தமக்கு வேண்டிய வடிவில் மாற்றிக் கட்டினார். அந்தக் கைவேலையே பின்னர் லோட்டஸ் என்ற நிறுவனமாக 1952இல் உருவெடுத்தது. அதன் முதல் பட்டறை, லண்டனின் ஹார்ன்சி பகுதியில் அவருடைய தந்தை நடத்திய மதுக்கடையின் பின்புறத்தில் இருந்த பழைய குதிரை லாயம்தான். பெரிய தொழில்கள் சின்ன இடத்தில் தொடங்குவது நமக்கும் தெரிந்த செய்தியே.

1957இல் லோட்டஸ் செவன் என்ற சிறு கார் வந்தது. எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம், மேலே அலுமினியத் தகடு, உள்ளே ஃபோர்டு நிறுவனத்தின் 1,172 சிசி என்ஜின், அவ்வளவுதான். முழுமையாகக் கட்டிய காரின் விலை கொள்முதல் வரியோடு 1,036 பவுன். அதே காரை உதிரியாக, பெட்டிகளில் அடைத்து வாங்கினால் 536 பவுன். வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், 1940 முதல் அங்கே நடப்பில் இருந்த கொள்முதல் வரி. கட்டி முடித்த காருக்கு வரி உண்டு. உதிரிப் பாகங்களை வாங்கி வீட்டில் தாமே பூட்டிக் கொள்பவருக்கு அந்த வரி இல்லை.

பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அது கார் விற்பனையாகிவிடும் என்பதால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு வேடிக்கைச் செய்தியும் வழங்குகிறது.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் கொள்முதல் வரி போய், மதிப்புக் கூட்டு வரி வந்தது. உதிரிக்கு இருந்த சலுகை மறைந்தது. லோட்டஸ் நிறுவனமும் பெரிய கார்கள் பக்கம் போக விரும்பியது. அப்போது அந்தக் காரைக் கைவிடாமல் ஏற்றுக்கொண்டவர் அதை விற்றுவந்த ஒரு வியாபாரி. கேட்டரம் என்ற ஊரில் கார்க்கடை நடத்திய கிரஹாம் நியர்ன் என்பவர், 1973இல் தயாரிப்பு உரிமையை வாங்கினார். வரிச்சலுகைக்காக வந்த வாடிக்கையாளர் போய்விட்டாலும், தன் கையால் கட்டிப் பார்க்கும் ஆசைக்காக வருகிறவர் போகமாட்டார் என்பது அவருடைய கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. அந்தக் கார் கேட்டரம் என்ற பெயரில் இன்றும் விற்பனையில் உள்ளது. கம்பெனிக்குத் தெரியாத வாடிக்கையாளர் மனம், கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கைவேலையின் கணக்கு

உதிரிப் பெட்டிகூட வாங்க முடியாதவர்களுக்கு 1996இல் ரான் சாம்பியன் என்பவர் ஒரு நூல் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் கார் ஒன்றிலிருந்து என்ஜின், கியர், அச்சு, பிரேக் ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு, சட்டகத்தை மட்டும் வீட்டிலேயே பற்றவைத்து, 250 பவுன் செலவில் ஒரு கார் கட்டலாம் என்பது அந்நூலின் செய்தி. சட்டகத்துக்கு வேண்டியது 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், கனம் 1.6 மில்லிமீட்டர். நமது ஊர் இரும்புக் கடைகளில் கேட் செய்ய வாங்கும் குழாய்க்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

வேறுபாடு வேலைமுறையில் இருக்கிறது. முதலில் சமமான பலகையின்மேல் முழு அளவில் கோடு போட்டு, குழாய்களை அதன்மேல் அசையாமல் பிடித்துவைக்கிறார்கள். பிறகு எல்லா மூலைகளிலும் புள்ளி புள்ளியாகப் பற்றவைக்கிறார்கள். அதன் பின்னரே முழு வெல்டிங். அதுவும் ஒரே பக்கமாக அல்ல, இங்கொன்றும் எதிரே ஒன்றுமாக. காரணம் எளிது. பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கமாகப் பற்றவைத்தால் சட்டகம் கோணும். சட்டகம் கோணினால் சக்கரம் நேராக நிற்காது.

இவ்வளவும் முடிந்தபின் அந்தக் கார் உடனே சாலைக்கு வந்துவிட முடியாது. 1998 முதல் அங்கே இத்தகைய வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் முறை இருக்கிறது; 2009இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, இருக்கைப் பட்டை பிடிக்கும் இடம், கூரான விளிம்பு என எல்லாவற்றையும் அதிகாரி பார்த்து ஒப்புதல் தரவேண்டும்.

நமது மாநிலத்திலும் இந்தக் கைத்திறன் இல்லாமல் இல்லை. கோவையின் கரிவர்தன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து, சட்டகத்தைத் தாமே வடித்துப் பந்தயக் கார்கள் கட்டினார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது அந்த வகைக் கார்தான். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளத்துக்குக் கரிவர்தன் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அவை தளத்துக்குள் ஓடும் வண்டிகள். பொதுச்சாலை வேறு.

நமது வண்டிக்கு வருவோம்

கார் கட்டும் ஆசை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ தெரியாது. ஆனால் சரக்கு வண்டியை மாற்றிக் கட்டாத வணிகர் குறைவு. வண்டி வாங்கிய மறுவாரமே பட்டறையில் நிறுத்தி, ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை, பாடிக்கு ஓர் அடி உயரம், முன்னால் ஓர் இரும்புக் கம்பி என்று சேர்த்துவிடுகிறோம். அங்கே ஒருவர் பொழுதுபோக்குக்காகக் கட்டும் காருக்கு இருக்கிற அளவும் சோதனையும், இங்கே நமது பிழைப்பைச் சுமக்கும் வண்டிக்கு இருக்கிறதா?

ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் வண்டி தாழ்வதில்லை. அதனால் பாரம் தாங்கும் என்று எண்ணுகிறோம். தாங்குவது ஸ்பிரிங் மட்டுமே. அச்சும், பேரிங்கும், டயரும், பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன. 850 கிலோ எடையுள்ள வண்டியில் 50 கிலோ அரிசி மூட்டை 15 ஏற்றினால் மொத்தம் 1,600 கிலோ. 30 மூட்டை ஏற்றினால் 2,350 கிலோ. அதே வேகத்தில் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது இப்படித்தான். பாடியை உயர்த்தினால் பாரம் மேலே ஏறுகிறது. வளைவில் வண்டி சாய்வதற்கு அதுவே போதும்.

இன்னொன்று, சேஸில் துளை போடுவது. இரண்டு முனைகளில் தாங்கிய பலகையின் நடுவே மூட்டையை வைத்தால், பலகையின் மேற்புறம் நெருக்குண்டு, அடிப்புறம் இழுபடும்; நடுக்கனத்தில் அந்த இழுப்பு மிகக் குறைவு. சேஸ் சட்டமும் அப்படியே. அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடுவதும் பற்றவைப்பதும், வேலை செய்யும் இடத்திலேயே அதை வலுவிழக்கச் செய்வதாகும். விரிசல் அன்றே தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பாதி வழியில் தெரியும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்தது. அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் என்று அதே சட்டம் கூறுகிறது.

அபராதத்தைக் கட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் காப்பீட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். விபத்துக்குப் பின் வண்டியைப் பார்க்க வரும் சர்வேயர், பதிவுச் சான்றில் இல்லாத மாற்றத்தைக் கண்டால், இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ அது காரணமாகிவிடும். இருபது ஆண்டு உழைப்பில் சேர்த்த கடை, ஒரு பட்டையால் கைமாறக் கூடாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. வண்டி வாங்கும் போதே நமது சரக்கின் எடைக்கும் அளவுக்கும் ஏற்ற மாடலைக் கேட்டு வாங்குவோம். சிறியதை வாங்கிப் பெரிதாக்க வேண்டாம். எரிவாயு மாற்றம் போன்ற அனுமதிக்கப்பட்ட மாற்றங்களை ஒப்புதல் பெற்ற கருவியோடு செய்து, 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கும், கூடவே காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிப்போம். பட்டறையில் செய்யும் பழுது வேலைக்கும் ரசீது வாங்கி வைப்போம். வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்வோம். முன்பே மாற்றிய வண்டி இருந்தால், நல்ல மெக்கானிக்கிடம் காட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம்.

தராசில் ஒரு கிராம் கூடினாலும் குறைந்தாலும் நமக்குத் தெரியும். அந்தக் கண்ணை வண்டியின் மீதும் வைப்போம். அதை ஓட்டிச் செல்வது நமது பிள்ளையோ, நம்மை நம்பி வேலைக்கு வந்த ஒருவரின் பிள்ளையோதான்.