சிறுகருவிகளுக்கு ஒரு பொது அலைவரிசை

பரனூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லைக்கு பேட்டரி கிடையாது. உள்ளே இருப்பவை இரண்டே பொருள்கள்: ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத சில்லு, அதன் இருபுறமும் வளைந்து நெளிந்து ஓடும் மெல்லிய உலோகக் கோடு. அந்தக் கோடுதான் ஆண்டெனா. மேலே பொருத்தியுள்ள வாசிப்பான் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓர் அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லு விழிக்கிறது. பிறகு ஆண்டெனாவின் மின்தன்மையை மாற்றி மாற்றி, தன்மேல் படும் அலையை ஒரு கணம் கூடுதலாகவும் மறுகணம் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை வாசிப்பான் எண்ணாகப் படித்துக்கொள்கிறது. வில்லை சொந்தமாக எந்த அலையையும் உண்டாக்குவதில்லை.

திருப்பூரிலிருந்து கப்பலேறும் ஆடைகள் பலவற்றின் விலைச்சீட்டுக்குள்ளும் இதே இனத்து வில்லை ஒளிந்திருக்கிறது. அந்த ஆடை ஜெர்மனியில் இறங்கினால் அங்குள்ள வாசிப்பான் 865.6 முதல் 867.6 மெகாஹெர்ட்ஸில் அதை விசாரிக்கும். நியூயார்க்கில் இறங்கினால் 902 முதல் 928-க்குள். டோக்கியோவில் 920-ஐ ஒட்டி. இத்தனை கேள்விகளுக்கும் பதில் சொல்ல, வில்லையை 860 முதல் 960 வரையிலான முழுப் பரப்புக்கும் பொருந்தும்படி வடிவமைக்கிறார்கள். சட்டம் வாசிப்பானைத்தான் கட்டுப்படுத்துகிறது. வில்லை எந்த நாட்டுக்கும் பொது. நாடுகள் ஒத்துப்போகாத இடத்தில், கோடிக்கணக்கில் செய்ய வேண்டிய மலிவான பாதியை நடுநிலையாக்கி, விலை கூடிய பாதியை மட்டும் நாட்டுக்கு நாடு மாற்றிக்கொண்ட பொறியாளர்களின் சாமர்த்தியம் பாராட்டுக்குரியது.

நாடுகள் ஏன் ஒத்துப்போகவில்லை? பிடிவாதம் மட்டுமே காரணம் இல்லை. இடம் முன்பே நிரம்பிவிட்டது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஜிஎஸ்எம் கைபேசிகள் கோபுரத்தோடு பேச 890 முதல் 915 வரை எடுத்துக்கொண்டன. அமெரிக்கக் கருவியின் 902 முதல் 928 வரையிலான அலை, இதில் பாதியின்மேல் போய் உட்காரும். கைபேசிகளின் மெல்லிய குரலுக்காகக் கோபுரம் காது கொடுக்கும் இடம் அது. பக்கத்திலிருந்து ஒரு வாட் கருவி கத்தினால் கோபுரத்துக்கு வேறெதுவும் கேட்காது. இந்தியாவில் 844 வரையும் 869-க்கு மேலும் வேறு கைபேசிச் சேவைகள் இருந்தன. நடுவே கிடைத்த சந்தில்தான் 2005-ல் 865 முதல் 867 வரை உரிமமின்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. 2021-ல் அது 868 வரை நீண்டது. ஜப்பான் இன்னும் ஒருபடி மேலே போனது. 950-களில் ஓடிக்கொண்டிருந்த தன் வாசிப்பான்களை எல்லாம் 920 பக்கம் நகர்த்தி, மற்ற நாடுகளுக்கு நெருக்கமாக வந்தது. அதற்கு ஆண்டுகள் பிடித்தன.

இப்படிப்பட்ட கருவிகளை உலகம் முழுக்கக் குறுந்தொலைவுக் கருவிகள் என்றே வகைப்படுத்துகிறார்கள். கார்ச் சாவி, கம்பியில்லா மைக், வைஃபை, புளூடூத் இயர்போன், கேட் திறப்பான், குழந்தையின் ரிமோட் கார் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு உரிமம் வேண்டாம். பதிலுக்கு இரண்டு நிபந்தனைகள்: உரிமம் பெற்ற சேவைக்கு இடைஞ்சல் தரக்கூடாது, தனக்கு இடைஞ்சல் வந்தால் புகார் சொல்ல முடியாது. சில அலைவரிசைகளில் பேசும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பாவில் 868 முதல் 868.6 மெகாஹெர்ட்ஸ் வரை 25 மில்லிவாட்டில் பேசும் கருவி, ஒரு மணி நேரத்தில் மொத்தமாக 36 விநாடிதான் வாய் திறக்கலாம்; அல்லது பேசுமுன் யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்த்துப் பேச வேண்டும்.

உலகம் ஓரளவுக்கு ஒத்துப்போன இடம் 2.4 கிகாஹெர்ட்ஸ். 1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு வானொலி மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகள் வெளியிடும் அலைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸில் வந்து அமர்ந்தது இதனால்தான். அடுப்பின் இரைச்சல் இருக்கும் இடத்தில் செய்தி அனுப்ப யாருக்கும் விருப்பமில்லை. அந்த அலட்சியம்தான் பின்னால் வரமானது. 1985-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம், அதன் பொறியாளர் மைக்கேல் மார்கஸின் முயற்சியால், 902, 2400, 5725 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் மூன்று ‘இரைச்சல்’ பட்டைகளில் விரிநிறமாலை முறையில் உரிமமின்றிப் பேச அனுமதி கொடுத்தது. அதுவரை அந்த முறை பெரும்பாலும் ராணுவத்தின் சொத்து. செய்தியை அகலமான பரப்பில் மெல்லிதாகத் தூவுவதால், அடுப்பின் இரைச்சல் ஓரிடத்தில் குறுக்கிட்டாலும் மிச்சத்தை வைத்துச் செய்தியை மீட்டுவிடலாம்.

அந்த அனுமதியை முதலில் பற்றிக்கொண்டவர்களில் என்சிஆர் நிறுவனத்தின் நெதர்லாந்துப் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். கடைகளின் கல்லாப்பெட்டிகளைக் கம்பியில்லாமல் இணைப்பது அவர்கள் வேலை. அவர்கள் உருவாக்கிய வேவ்லேன் முதலில் 915 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்கச் சந்தைக்குப் போனது. அதை உருவாக்கிய நாட்டிலேயே அதை இயக்க முடியாது; அங்கே அந்த இடம் ஜிஎஸ்எம்முக்கு உரியது. பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு வடிவம் வந்தது. அந்தக் குழுவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமை ஏற்ற தரக்குழுதான் 1997-ல் 802.11 தரத்தை வெளியிட்டது. இன்றைய வைஃபையின் மூலம் அது. உலகத்துக்குப் பொதுவான ஓர் அலைவரிசை கிடைத்திராவிட்டால் அந்தத் தரம் ஒரு நாட்டுச் சரக்காகவே நின்றிருக்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒருமை உடனே வந்துவிடவில்லை. பிரான்ஸில் அந்தப் பட்டையின் கீழ்ப்பகுதி ராணுவத்திடம் இருந்ததால், தொடக்க கால வைஃபைக்கு 10 முதல் 13 வரையிலான சேனல்கள் மட்டுமே. ஸ்பெயினில் 10, 11. முதல் புளூடூத் மற்ற இடங்களில் 79 அலைவரிசைகளில் தாவினால், இந்த நாடுகளில் 23-ல்தான் தாவ வேண்டும். பேச்சுவார்த்தைக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடுகள் விலகின. அமெரிக்கா மட்டும் இன்றும் வழக்கத்தில் 11-வது சேனலோடு நிற்கிறது. அங்கே வாங்கிய சில மடிக்கணினிகளுக்கு இங்கே 12, 13-ல் இயங்கும் ரவுட்டர் கண்ணுக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

இந்த வரலாற்றில் எல்லாவற்றிலும் மேலான சாதனை, யாரும் அதிகம் குறிப்பிடாத 402 முதல் 405 மெகாஹெர்ட்ஸ் வரையிலான துண்டு. உடலுக்குள் பதித்த பேஸ்மேக்கர் வெளியே உள்ள கருவியோடு பேசும் இடம் அது. முன்பெல்லாம் மருத்துவர் ஒரு தடித்த வட்டைக் கருவியை நோயாளியின் மார்பில் ஒட்டிவைத்துத்தான் பேஸ்மேக்கரைப் படிக்க முடியும். இரண்டு மீட்டர் தள்ளியிருந்து படிக்க வேண்டுமென்றால் வானொலி அலை வேண்டும். ஆனால் நோயாளி விமானம் ஏறுவார். கார்ச் சாவியை மாற்றுவதுபோல இதயத்துக்குள் இருப்பதை மாற்ற முடியாது. எனவே தொடக்கத்திலேயே எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டியிருந்தது. உலகெங்கும் வானிலை பலூன்களுக்கு ஒதுக்கியிருந்த இந்தத் துண்டு கைகொடுத்தது. இந்த அலை தசையைக் கடந்து வெளியே வரும். ஆண்டெனாவும் உடலுக்குள் அடங்கும் அளவில் இருக்கும். சக்திக்கு உச்சவரம்பு 25 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. வானத்தில் போகும் பலூனை அது தொந்தரவு செய்யாது. பலூனின் அலை குறுக்கிட்டால் தப்பிக்க, வெளிக்கருவி முதலில் எல்லாச் சேனல்களையும் கேட்டுப் பார்த்து அமைதியானதைத் தேர்ந்தெடுக்கும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இதை 1998-ல் பரிந்துரைத்தது. அமெரிக்கா 1999-ல் விதியாக்கியது. ஐரோப்பாவும் இந்தியாவும் அதே துண்டை, அதே சக்தி வரம்போடு ஏற்றன.

மற்றவற்றுக்கு இந்த அவசரம் இல்லை என்பதால் வேலை மெதுவாகவே நடக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 1997-ல் நார்வேயின் ட்ரோம்சோவில் ஒரு பொதுப் பட்டியலுக்கு ஒப்புக்கொண்டன. அது இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. பன்னாட்டு ஒன்றியம் 2011-ல், உலகப் பொதுவாகவும் வட்டாரப் பொதுவாகவும் இருக்கத்தக்க அலைவரிசைகளைத் தனித்தனியே பரிந்துரைத்தது. மெட்ரோ அட்டையும் மின்-கடவுச்சீட்டும் பயன்படுத்தும் 13.56 மெகாஹெர்ட்ஸ் உலகப் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பியக் கார்ச் சாவியின் 433.92 வட்டாரப் பட்டியலோடு நின்றுவிட்டது. ஜப்பானிலிருந்து இலங்கைக்கு வந்திறங்கும் கார்களின் சாவிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டிப் பேசுபவை. தொலைந்த சாவிக்கு மாற்று வாங்கும்போது ஐரோப்பியச் சாவி உதவாது. அமெரிக்காவின் வீட்டுக் கம்பியில்லாத் தொலைபேசியை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனால் சிக்கல் இன்னும் பெரிது. அதன் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ், அங்கே கைபேசிக் கோபுரம் கேட்கும் இடம்.

இப்போதைய இழுபறி 6 கிகாஹெர்ட்ஸில். 2020-ல் அமெரிக்கா 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் வைஃபை போன்ற கருவிகளுக்குத் திறந்தது. 2021-ல் ஐரோப்பிய ஒன்றியம் 5945 முதல் 6425 வரையில் நிறுத்திக்கொண்டது. இந்தியா 2025 மே மாதம் வெளியிட்ட வரைவு விதிகளும் 6425-ஐத் தாண்டவில்லை. 2023-ல் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடு, ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் அடங்கிய வட்டாரத்துக்கு மேல் பகுதியைக் கைபேசிச் சேவைக்கு அடையாளம் காட்டியது. 1980-களில் 900 மெகாஹெர்ட்ஸில் நேர்ந்த அதே பிளவு மறுபடி உருவாகிறது. அதனால் ஒவ்வொரு புதிய ரவுட்டரும் எந்த நாட்டில் எதுவரை பேசலாம் என்ற பட்டியலை மென்பொருளில் சுமந்துகொண்டே தொழிற்சாலையை விட்டுக் கிளம்புகிறது.